அச்சுக் கைடு வாங்கலாமா? எந்த விளையாட்டுக்கு, எந்தப் புத்தகம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி வாங்கி, ஜெல்டா என்ற வீடியோ கேம் வரிசையின் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' தொடங்கியிருக்கிறீர்கள். அடுத்து 'எல்டன் ரிங்' விளையாட ஆசை. இரண்டுக்கும் வழி சொல்லித் தரும் கனமான அச்சுக் கைடுகள் இருக்கின்றன, விலை ஆயிரக்கணக்கில். யூடியூபிலும் விக்கிகளிலும் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டுமா? பழைய புத்தகக் கடையில் கண்ணில் படும் பழைய கைடுகளை எடுக்கலாமா?

இந்த இரண்டு விளையாட்டுகளுக்கும் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை வைத்து எல்லாக் கைடும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். இருபது வருடமாக இவற்றை வாங்கிப் படித்து வருகிறேன். வீட்டில் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கையில் எடுப்பது அவற்றில் பத்துப் பன்னிரண்டைத்தான். மற்றவை ஏன் அலமாரியிலேயே தங்கிவிட்டன என்று விளக்கினால் உங்கள் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிடும்.

'கைடு' என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூட நோட்ஸ் ஞாபகம்தான் வரும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடையை மட்டும் புரட்டிவிட்டுப் போகிற புத்தகம். வீடியோ கேம் கைடும் அவ்வளவுதான் என்றால் வாங்கவே தேவையில்லை, விடை போனிலேயே இருக்கிறது. ஆனால் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிற இன்னொன்றும் நம்மிடம் உண்டு: உரை. உரை எழுதுகிறவர் நூலை முழுக்கப் படித்து முடித்தவர். இங்கே வரும் சொல் பின்னால் எங்கே திரும்ப வரும் என்று அறிந்தவர். இந்த இடத்தில் எவ்வளவு சொன்னால் போதும் என்று நிதானித்து எழுதுகிறவர். நல்ல கேம் கைடு அந்த வகையைச் சேர்ந்தது. அப்படி எழுத நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதில்தான் கைடின் தரம் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தத் தொழில் நடந்த விதத்தைப் பார்த்தால் இது புரியும். நிண்டெண்டோ 1988இல் 'நிண்டெண்டோ பவர்' இதழைத் தொடங்கியது. வரைபடம், ரகசிய வழி, பாஸ் (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) சண்டைக்கு யோசனை என்று தவறாமல் வந்தது. 1990இல் கலிபோர்னியாவில் பிரைமா, 1993இல் இண்டியானாபோலிஸில் பிரேடி கேம்ஸ். அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கைடு சந்தையில் பெரும்பகுதி இந்த இரண்டு நிறுவனங்களிடம்தான் இருந்தது. விற்பனை பெரும்பாலும் கேம் கடையின் கல்லாப் பக்கத்தில் நடந்தது. விளையாட்டை எடுத்துக்கொண்டு பணம் கட்ட வருபவர், பக்கத்தில் அடுக்கியிருக்கும் கைடையும் சேர்த்து எடுத்துப் போவார். அதனால் விளையாட்டு வெளியாகும் நாளில் புத்தகமும் கடையில் இருந்தாக வேண்டும். அச்சடித்து, பைண்ட் செய்து, லாரியில் ஏற்றிக் கடைகளுக்கு அனுப்பப் பல வாரங்கள் ஆகும். ஆகவே எழுதுகிறவர் கைக்கு வருவது முடிவடையாத விளையாட்டு. ஒரு வாளின் வலிமை 40 என்று பார்த்து எழுதிவிடுவார். புத்தகம் அச்சகத்தில் இருக்கும்போது, விளையாட்டை உருவாக்குகிறவர்கள் கடைசி நேரத்தில் அதை 35 ஆக்கிவிடுவார்கள். இதை எழுதியவரின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. நாள் குறித்துக் கழுத்தைப் பிடிக்கும் தொழிலில் இப்படித்தான் நடக்கும்.

பிரேடி கேம்ஸும் பிரைமாவும் 2015இல் ஒன்றாயின. 2018 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு அச்சுக் கைடு வேலையை நிறுத்திவிட்டார்கள். இணையம் கொன்றுவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. 'கேம்ஃபாக்ஸ்' என்ற தளம் 1995இலேயே வந்துவிட்டது. விளையாட்டுப் பிரியர்கள் வெறும் எழுத்துகளால் வரைபடம் கீறி, நூறு பக்க நீளத்துக்கு எழுதிய கைடுகள் அங்கே குவிந்து கிடந்தன. அதற்குப் பிறகும் அச்சுக் கைடு இருபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. விளையாட்டுகளே வெளியான பிறகும் மாறத் தொடங்கியதுதான் இன்னொரு காரணம் என்பது என் எண்ணம். வட்டிலோ கார்ட்ரிட்ஜிலோ ஒரு முறை பதிந்தால் கதை முடிந்தது என்ற காலம் போய், வாரம் ஒரு பேட்ச் (இணையம் வழியே வரும் திருத்தம்) என்று ஆனபோது, முதல் நாள் கைடு முதல் வாரத்திலேயே பழசாகத் தொடங்கியது.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் புத்தகம் ஒன்று உண்டு. 2000இல் 'ஃபைனல் ஃபேன்டசி IX' விளையாட்டுக்கு பிரேடி கேம்ஸ் போட்ட அதிகாரபூர்வக் கைடு. அழகான தாள், அழகான படங்கள். முக்கியமான இடத்துக்கு வந்தால், "மேற்கொண்டு அறிய" என்கிற தோரணையில் ஒரு குறிச்சொல் கொடுத்திருக்கும். அதை, அந்த விளையாட்டைச் செய்த ஸ்கொயர் நிறுவனத்தின் 'பிளேஆன்லைன்' தளத்துக்குப் போய்த் தட்டினால்தான் மீதித் தகவல் வரும். டயல்-அப் மோடம் காலம் அது. போன் லைனை இணையத்துக்குக் கொடுத்து, காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தின் மீதியை அங்கே போய்ப் படிக்க வேண்டும். பிறகு அந்தத் தளத்திலிருந்து அந்தப் பக்கங்களும் போய்விட்டன. இன்று அந்தக் கைடைப் பிரித்தால் கதவு எண் இருக்கிறது, வீடு இல்லை. இத்தனைக்கும் அந்த விளையாட்டு நல்ல கைடு கேட்டு நிற்கிற விளையாட்டு. கடைசி நிலவறைக்கு 12 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கிடைக்கும் ஒரு வாள் அதில் இருக்கிறது. இதை யாராவது எடுத்துச் சொல்லாமல் எப்படித் தெரியும்?

ஜப்பானில் வேறு மாதிரி நடந்தது. அங்கே கைடுக்கு 'கோர்யாக்குபோன்' என்று பெயர். 'கோர்யாக்கு' என்றால் கோட்டையைத் தாக்கிப் பிடிப்பது. கோட்டை பிடிக்கும் புத்தகம்! 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டுக்கு டோக்குமா ஷோட்டன் பதிப்பகம் போட்ட கைடு லட்சக்கணக்கில் விற்றது. நாவல்களோடு போட்டி போட்டு விற்பனைப் பட்டியலில் நின்ற புத்தகம் அது. 1999இல் 'ஃபைனல் ஃபேன்டசி VIII'இலிருந்து 'அல்டிமேனியா' என்ற வரிசை தொடங்கியது. விளையாட்டு வெளியான பிறகு, நிதானமாக, எண்கள், வசனங்கள், பாத்திரங்களின் ஓவியங்கள், உருவாக்கியவர்களின் பேட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தொகுத்தார்கள். கல்லாப் பக்கத்துத் துணைச் சரக்காக இல்லாமல், அந்த விளையாட்டைப் பற்றிய முழு ஆவணமாக நின்றது. ஜப்பானிய மொழி தெரியாமலே இரண்டை வாங்கி வைத்திருக்கிறேன். அட்டவணைகளும் படங்களும் பார்க்கவே அந்த விலை தகும் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் இரண்டு விளையாட்டுகளுக்கு வருவோம்.

'எல்டன் ரிங்' 2022 பிப்ரவரி 25 அன்று வந்தது. ஃபியூச்சர் பிரஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கைடு பல மாதங்கள் கழித்துத்தான் வந்தது, இரண்டு தொகுதிகளாக. ஏன் இவ்வளவு தாமதம் என்று அப்போது பலர் கேட்டார்கள். விடை அந்த விளையாட்டிலேயே இருக்கிறது. வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மார்ச்சில் 1.03 என்ற பேட்ச் வந்தது. நாம் சந்திக்கும் பாத்திரங்கள் வரைபடத்தில் தெரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கென்னத் ஹைட், நெஃபெலி லூ போன்ற சிலரின் கதைகளுக்கு விடுபட்டுப்போன அடுத்த கட்டமும் அந்தப் பேட்சில்தான் சேர்ந்தது. முதல் நாள் கடைக்கு வந்திருக்கக்கூடிய எந்தக் கைடிலும் நெஃபெலியின் கதை பாதியில் நின்றிருக்கும். காத்திருந்து எழுதியதால் இந்தப் புத்தகத்தில் அது முழுமையாக இருக்கிறது.

முதல் தொகுதி நிலப்பரப்பும் பயணமும் பாத்திரங்களின் கதைகளும். இரண்டாவது எதிரிகள், பாஸ்கள், ஆயுதங்கள், அவற்றின் எண்கள். 'எல்டன் ரிங்' உங்களுக்கு எதையும் எடுத்துச் சொல்லாத விளையாட்டு. ஒருவர் ஒரு இடத்தில் உங்களிடம் நாலு வார்த்தை பேசுவார். அடுத்து அவர் எங்கே போனார் என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் நீங்கள் வேறு பாஸைக் கொன்றுவிட்டால் அவர் கதை முடிந்தே போகலாம். இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கதைகளை இணையத்தில் தேடும்போது ஒருவருடையதைத் தனியாகப் பார்க்கிறோம். அந்தப் பக்கத்தில் ஒரு நூல், இந்தப் பக்கத்தில் ஒரு நூல். புத்தகம் எழுதியவர் எல்லா நூலையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்திருக்கிறார். இந்தப் பகுதியை விட்டுப் போவதற்கு முன் யார் யாரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே இடத்தில் அவரால் சொல்ல முடிகிறது. எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் உள்ள மதிப்புக்கு முதல் காரணம் இதுதான்.

ஜெல்டாவுக்குக் கைடு போட்டது பிக்கிபேக் நிறுவனம். இவர்களும் குறைவாகப் போட்டு நிறைவாகச் செய்கிறவர்கள். 2017இல் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கைடு மூலம்தான் எனக்கு இவர்கள் மேல் நம்பிக்கை வந்தது. அந்த விளையாட்டில் ஆங்காங்கே ஒளிந்திருக்கும் கோரோக் விதைகள் 900. ஆயுதம் வைக்கும் பைகளை முழுக்கப் பெரிதாக்க 441 போதும். மீதியை முடிப்பது அவரவர் பிடிவாதம். 900 புள்ளிகளைப் போன் திரையில் விரலால் பெரிதாக்கிச் சின்னதாக்கித் தேடுவதும், விரித்து வைத்த வரைபடத்தில் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவதும் ஒன்றல்ல. என் பிரதியில் ஹைரூல் (அந்தக் கதை நடக்கும் நாடு) முழுக்க என் பென்சில் கோடுகள்தான். அந்த விளையாட்டை நான் விளையாடிய ஒன்றரை வருடமும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' 2023 மே மாதம் வந்தது. பிக்கிபேக் கைடு ஒரு மாதம் கழித்து ஜூனில். இங்கேயும் காத்திருந்து போட்டதுதான். அந்தப் புத்தகத்தின் வரைபடங்களை ஏன் சிலாகிக்கிறேன் என்று சொல்ல ஒரு ரகசியத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் இன்னும் நிலத்துக்கு அடியில் போகவில்லை என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அந்த விளையாட்டில் மூன்று அடுக்குகள்: வானம், தரை, பாதாளம். தரையில் 120 சன்னதிகள். பாதாளத்தில் இருட்டைப் போக்கும் 120 ஒளிவேர்கள். ஒவ்வொரு சன்னதிக்கும் நேர் கீழே ஒரு ஒளிவேர். பெயரைக்கூடப் பின்னாலிருந்து திருப்பி எழுதியிருப்பார்கள். மேலே மலை இருக்கும் இடத்தில் கீழே பள்ளம், மேலே ஆறு ஓடும் இடத்தில் கீழே தாண்ட முடியாத சுவர். இரண்டு வரைபடங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் அந்த உலகத்தைச் செய்தவர்களின் மனசு புரிகிறது. ஒரு சன்னதியை மட்டும் தேடி, வீடியோ பார்த்து, மூடிவிட்டுப் போகிறவருக்கு இது கண்ணிலேயே படாமல் போகலாம். இதையும் நானே கண்டுபிடித்திருக்கலாமே என்று தோன்றினால், நியாயம்தான். ஆனால் கைடு வாங்கினால் இந்த ஆபத்தும் கூடவே வருகிறது. அதை எப்படிச் சமாளிப்பது என்று கீழே சொல்கிறேன்.

இணையத்தைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு முழிக்கும்போது போனை எடுப்பதுதான் சரி. நானும் அதைத்தான் செய்கிறேன். பேட்ச் மாற்றங்களுக்கு விக்கியை விட்டால் வேறு வழியே இல்லை. சண்டையில் எந்த நொடியில் உருள வேண்டும் என்பதைப் புத்தகத்தின் நாலு அசையாப் படங்களை விட ஒரு வீடியோ நன்றாகக் காட்டும். ஆனால் ஒரு பெட்டி எங்கே என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிட வீடியோவில் முதல் மூன்று நிமிடம் முன்னுரை கேட்க வேண்டியிருக்கிறது. தேடல் பெட்டியில் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தட்டியதுமே "எப்படி இறந்தார்" என்று கீழே காட்டிவிடுகிறது. ஒரு முறை அப்படித்தான் எனக்கு ஒரு முழுக் கதையின் முடிவு ஒரே வரியில் தெரிந்துபோனது. நாற்பது மணி நேரம் விளையாடியிருந்தேன். அதற்குப் பிறகு அந்த விளையாட்டைத் தொடவில்லை.

குறிப்புகளை அளந்து கொடுக்கும் கலை அச்சில்தான் முதலில் நன்றாக வளர்ந்தது. 1980களில் இன்ஃபோகாம் என்ற அமெரிக்க நிறுவனம் வெறும் எழுத்துகளால் ஆன சாகச விளையாட்டுகளைச் செய்தது. 'ஸோர்க்' அவர்களுடையதுதான். அவற்றுக்கு 'இன்விசிக்ளூஸ்' என்று குறிப்புப் புத்தகங்கள் போட்டார்கள். கேள்வி கண்ணுக்குத் தெரியும், பதில் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால் பதில் எழும்பி வரும். ஒரு கேள்விக்கு மூன்று நாலு பதில் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது லேசாகக் கோடி காட்டும், கடைசியானது நேராகச் சொல்லிவிடும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தேய்த்துக்கொள்ளலாம். இன்னும் அழகு என்னவென்றால், விளையாட்டில் இல்லவே இல்லாத விஷயங்களைப் பற்றியும் சில கேள்விகளைக் கலந்து வைத்திருந்தார்கள். கேள்விகளின் பட்டியலை மட்டும் படித்து யாரும் கதையை ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக. விளையாடுகிறவர் மேல் இவ்வளவு அக்கறை காட்டிய கைடை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி, வாங்கக் கூடாதவை. ஆன்லைனில் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் எதற்கும் அச்சுக் கைடு வேண்டாம். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004இல் வந்தபோது போட்ட கைடு இன்று ஒரு ஞாபகப் பொருள், அவ்வளவுதான். சண்டை விளையாட்டுகளும் அப்படியே. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் IV' வீட்டுக் கருவிகளுக்கு 2009இல் வந்தது. பிறகு 2010இல் சூப்பர், 2011இல் ஆர்கேட் எடிஷன், 2014இல் அல்ட்ரா. ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவரின் குத்துக்கும் உதைக்கும் வேகமும் வலிமையும் மாறின. அதில் போட்டிக்குத் தயாராகிறவர் பழைய எண்ணை மனப்பாடம் செய்தால் நஷ்டம்தான்.

'ஸ்டார்டியூ வேலி' நடுவில் நிற்கிறது. அதற்கு அழகான அதிகாரபூர்வப் புத்தகம் உண்டு. ஆனால் விளையாட்டு வளர்ந்துகொண்டே வந்தது. 2020 டிசம்பரில் வந்த 1.5இல் ஒரு தீவே புதிதாகச் சேர்ந்தது. 2024இல் 1.6. புத்தகத்தையும் அவ்வப்போது திருத்திப் போட்டார்கள். எந்தப் பதிப்பு, விளையாட்டின் எந்த எண் வரை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பழைய விளையாட்டின் மறுபதிப்புக்குப் பழைய கைடு பொருந்தும் என்று நினைப்பது இன்னொரு பொறி. 'ஃபைனல் ஃபேன்டசி XII' பிளேஸ்டேஷன் 2இல் 2006இல் அமெரிக்காவில் வந்தபோது, ஜோடியாக் ஸ்பியர் என்ற ஈட்டியை எளிதாகப் பெற ஒரே நிபந்தனை: வழியில் வரும் நான்கு குறிப்பிட்ட பெட்டிகளைத் திறக்காமல் விட வேண்டும். பெட்டியைப் பார்த்தால் யாராவது திறக்காமல் போவார்களா? விளையாட்டுக்குள் இதற்கு ஒரு சாடைகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் கைடு கையில் இருந்தவருக்குத்தான் ஈட்டி. ஆனால் 2017இல் வந்த 'ஜோடியாக் ஏஜ்' பதிப்பில் அந்த விதியே இல்லை. திறமைகளைப் பெறும் பலகையும் 12 தொழில்களாகப் பிரிந்துவிட்டது. பழைய கைடை வைத்துக்கொண்டு புதியதை விளையாடுகிறவர், எடுத்திருக்க வேண்டிய பெட்டிகளைப் பயந்து பயந்து விட்டுவிட்டுப் போவார்.

குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல ஆசைப்படுகிறேன். அக்கா மகனுக்கு எட்டு வயதில் ஒரு போக்கிமான் கைடு வாங்கிக் கொடுத்தேன். கதைப்புத்தகம் என்றால் ஓடுகிற பையன். நெருப்பு வகை புல் வகையை ஜெயிக்கும், தண்ணீர் நெருப்பை ஜெயிக்கும் என்ற அட்டவணையை ஒரு வாரத்தில் மனசில் ஏற்றிக்கொண்டான். குறுக்கும் நெடுக்குமாக அட்டவணை பார்ப்பது, பின்பக்கத்து அகரவரிசையில் பெயர் தேடிப் பக்கத்துக்குப் போவது, இரண்டு பக்கங்களை ஒப்பிட்டு முடிவெடுப்பது, எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் பழகினான். 'மாமா, இது ஏன் இங்கே 70, அங்கே 65?' என்று கேட்டுக்கொண்டு வருவான். அதே தகவல் வீடியோவில் இருந்தால் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பான். கட்டைகளை அடுக்கிக் கட்டி விளையாடும் மைன்கிராஃப்ட்டின் கையேடுகளும் அப்படித்தான். நம் ஊர் பெரிய புத்தகக் கடைகளில் குழந்தைகள் பகுதியில் கிடைக்கின்றன. ரெட்ஸ்டோன் (அந்த விளையாட்டில் மின்கம்பி மாதிரி வேலை செய்யும் பொருள்) கையேட்டை வைத்துக்கொண்டு கதவு தானாகத் திறக்கும் சுற்றை ஒரு குழந்தை கட்டி முடிக்கிறபோது, அதற்கு மின்சுற்றின் அடிப்படை பாதி புரிந்திருக்கும். குழந்தைக்கு என்றால் விலையைப் பார்த்து யோசிக்கவே வேண்டாம்.

முன்பெல்லாம் நம் ஊரில் கைடு என்பது புத்தகமாக நமக்கு வந்ததே இல்லை. டிவியில் மாட்டி விளையாடும் பெட்டியோடு வந்த கார்ட்ரிட்ஜுகளுக்கு மேலட்டை உண்டு, உள்ளே ஒரு தாள்கூடக் கிடையாது. 'கான்ட்ரா'வில் முப்பது உயிர் வாங்கும் மேல்-மேல்-கீழ்-கீழ் வரிசை ஒருவர் வாய் வழியாக இன்னொருவருக்கு வந்தது. பிறகு பிரவுசிங் சென்டர் காலத்தில் 'வைஸ் சிட்டி' விளையாட்டின் சீட் கோட் (குறுக்கு வழிக் குறிச்சொற்கள்) ஒரு பக்கத் தாளாகச் சுற்றியது. பேன்சர் என்று தட்டினால் டாங்கி, ஆஸ்பிரின் என்று தட்டினால் உயிர், லீவ் மீ அலோன் என்று தட்டினால் போலீஸ் போய்விடும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தே மங்கிப்போன அந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, கிலோ கணக்கில் வெளிநாட்டுப் புத்தகம் விற்கும் கண்காட்சியில் அதே வரிசையின் 'சான் ஆண்ட்ரியாஸ்' கைடை முதல்முறை பார்த்தபோது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மூன்று நகரங்களும் முழு வரைபடமாக. லாஸ் சான்டோஸில் 100 சுவர் எழுத்துகள், சான் ஃபியரோவில் 50 புகைப்பட இடங்கள், லாஸ் வென்சுராஸில் 50 குதிரை லாடங்கள், தண்ணீருக்கடியில் 50 சிப்பிகள். வருடக்கணக்கில் சுற்றிய ஊருக்கு அன்றைக்குத்தான் வரைபடம் பார்த்தேன்.

இது மாதிரிப் பழைய கைடுகளை, விலை சில நூறுக்குள் என்றால், எடுத்துவிடுங்கள். பேட்ச் இல்லாத காலத்து விளையாட்டுக்குப் போட்ட கைடு பழசாவதில்லை. விளையாட்டு மாறாதபோது அதுவும் மாறாது. ஆனால் 'அரிய பிரதி' என்று பெரிய விலை கேட்டால் நிதானியுங்கள். 'எர்த்பவுண்ட்' கைடை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் அமெரிக்காவில் அந்த விளையாட்டின் பெட்டிக்குள்ளேயே கைடையும் வைத்து விற்றார்கள். ஒவ்வொரு ஊரையும் சுற்றுலாக் கையேடு மாதிரி அறிமுகப்படுத்தும், உள்ளூர்ச் செய்தித்தாளும் போட்டிருக்கும், தேய்த்து முகர்கிற வாசனை அட்டைகளும் உண்டு. நான் அறிந்த கைடுகளிலேயே விளையாட்டின் குணத்தை அப்படியே பிடித்தது அதுதான். இன்று சேகரிப்பாளர்கள் அதற்குப் பெரிய தொகை கொடுக்கிறார்கள். ஆனால் 2013இல் அந்த விளையாட்டு வீ யூ கருவிக்கு மறுபடி வந்தபோது நிண்டெண்டோவே அந்தக் கைடை ஸ்கேன் செய்து இலவசமாகக் கொடுத்துவிட்டது. படிக்க மட்டும் ஆசை என்றால் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

பழைய பிரதி வாங்கும்போது முதலில் நடுப்பக்கத்தையும் பின்னட்டையின் உள்பக்கத்தையும் பாருங்கள். மடித்து வைத்த வரைபடம் அங்கேதான் இருக்கும், முதலில் காணாமல் போவதும் அதுதான். ஒரு முறை ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பிரதியில் வரைபடத்தை யாரோ பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். படத்தில் அது தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் வரைபடத்தைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். அப்புறம், எந்தக் கருவிக்கான பதிப்பு என்று அட்டையில் பாருங்கள். கன்ட்ரோலர் பட்டன்களின் பெயர் மாறினால் ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் புத்தகத்தின் எடைதான் செலவை ஏற்றும். 'எல்டன் ரிங்' கைடின் ஒரு தொகுதி ஐந்நூறு பக்கத்தை ஒட்டி வரும், கெட்டி அட்டை வேறு. கப்பல் செலவையும் சுங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். கலெக்டர் எடிஷன் வேண்டாம் என்பேன். உள்ளே இருக்கும் வழிகாட்டல் பெரும்பாலும் ஒன்றுதான். சாதாரணப் பதிப்பே மடியில் வைத்து விளையாடத் தோதானது.

பயன்படுத்தும் விதம் பற்றி நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். புதிய விளையாட்டில் முதல் இருபது மணி நேரம் கைடைத் திறப்பதில்லை. பிறகும் முன்பக்கத்திலிருந்து படிப்பதில்லை. பின்னால் உள்ள அகரவரிசையில் எனக்கு வேண்டிய பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிறேன். எதிர்ப் பக்கத்தை மறைக்க ஒரு வெள்ளைத் தாளை எப்போதும் உள்ளேயே வைத்திருக்கிறேன். ஒரு பகுதியை நானாகச் சுற்றி முடித்த பிறகு, அந்தப் பகுதியின் அத்தியாயத்தை முழுக்கப் படிப்பேன். எனக்கு அதுதான் பெரிய இன்பம். நான் நடந்த தெருவில் நான் தட்டாத கதவுகள் எத்தனை என்று அப்போதுதான் தெரியும். அடுத்த நாள் திரும்பிப் போய்த் தட்டுவேன்.

ஆகவே இப்போதைக்கு 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கைடை வாங்குங்கள். 'எல்டன் ரிங்' தொடங்கும்போது முதல் தொகுதி மட்டும். இரண்டாவது தொகுதி, ஒரு முறை முடித்து, வேறு ஆயுதத்தோடு மறுபடி தொடங்கத் தோன்றினால் மட்டும் போதும். 2024இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' என்ற கூடுதல் பகுதி இந்த இரண்டு தொகுதிகளிலும் இருக்காது. அவை அதற்கு முன்பே அச்சானவை.

வந்ததும் ஒரு விஷயம் மறக்க வேண்டாம். இந்தப் புத்தகங்கள் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சானவை. மழைக்காலத்து ஈரத்தில் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மையும் சேர்ந்து உரிந்துவரும். சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், நிமிர்த்தி, கொஞ்சம் காற்றோட்டமாக வையுங்கள். மாதம் ஒரு முறையாவது எடுத்துப் புரட்டுங்கள்.